தலைக்கு மெல்லிய கரண்ட், உடம்பில் விடாத நோ: கிழக்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று மாதத்துக்கு மேல் விடாமல் இருக்கும் நோவை நாட்பட்ட நோ என்கிறார்கள். அதற்கு மருந்து, பயிற்சி என்பவற்றோடு சேர்த்து, மூளைக்கு மெல்லிய மின்சாரம் கொடுத்துப் பார்க்கும் முறை ஒன்றும் உண்டு. மண்டையைத் திறப்பதில்லை, ஊசி குத்துவதில்லை. தலையில் இரண்டு ஈரப் பஞ்சு, அவற்றோடு பற்றரியில் ஓடும் ஒரு சிறு மிசின், அவ்வளவுதான். பெயர் ரி.டி.சி.எஸ். (tDCS), மண்டைக்கு வெளியே வைத்து நேரோட்டத்தால் மூளையைத் தூண்டுவது என்பதன் ஆங்கிலச் சுருக்கம். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் நோயாளரும் வீட்டாரும் இதைப் பற்றிக் கேட்பவற்றுக்கு இங்கே விடை.

பிசியோதெரபியில் "கரண்ட் பிடிக்கிறது" என்பார்களே, அதுதானா இது?

இல்லை. அங்கே பிடிப்பது பெரும்பாலும் ரென்ஸ் (TENS) என்ற மிசின். நாரியோ முழங்காலோ, நோகிற இடத்திலேயே ஒட்டுவார்கள். கரண்ட் விட்டு விட்டு, துடிப்புத் துடிப்பாகப் போகும். நோவைக் காவிச் செல்லும் நரம்பை அந்த இடத்திலேயே மறிப்பது அதன் வேலை.

ரி.டி.சி.எஸ். தலையில் வைப்பது. துடிப்பு கிடையாது, ஒரே திசையில், ஒரே அளவில் ஓடும் நேரோட்டம். ரென்ஸ் மிசினின் ஒட்டிகளைக் கழற்றி நெற்றியில் ஒட்டிப் பார்க்க வேண்டாம். அதன் கரண்ட் பல பத்து மில்லியம்பியர் வரை ஏறக்கூடியது, தலைக்காகச் செய்ததும் அல்ல.

அப்போ மனநோய் வார்ட்டில் வைக்கிற ஷொக்கா?

அதுவும் இல்லை. ஷொக் சிகிச்சையில் மயக்க மருந்து கொடுத்து, 800 மில்லியம்பியர் அளவு கரண்டைச் சில விநாடி செலுத்தி, வேண்டுமென்றே ஒரு வலிப்பை வரவைக்கிறார்கள். கடும் மனச்சோர்வுக்கு அது நல்ல சிகிச்சை; படங்களில் காட்டிக் காட்டி அதன் பெயரைக் கெடுத்துவிட்டார்கள் என்பது வேறு கதை. ரி.டி.சி.எஸ்ஸில் ஓடுவது 1 முதல் 2 மில்லியம்பியர், அதாவது அதில் நானூறில் ஒரு பங்கு. சின்ன எல்.ஈ.டி. பல்ப் ஒன்று எரியவே 20 மில்லியம்பியர் அளவில் வேண்டும். மயக்கம் இல்லை, வலிப்பு இல்லை, முழு நினைவோடு கதைத்துக்கொண்டு இருக்கலாம்.

நோ காலில். தலையில் வைத்து என்ன பயன்?

கண்ணிவெடியில் கால் போனவர்களைக் கேட்டால் இதற்கு விடை கிடைக்கும். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை; ஆனாலும் இல்லாத பெருவிரல் முறுக்குகிறது, இல்லாத குதிக்கால் எரிகிறது. நோகிற கால் அங்கே இல்லை. நோவை உண்டாக்குவதும் உணர்வதும் மேலே உள்ள மூளைதான். கால் இருக்கிறவர்களுக்கும் விஷயம் அதுவே. காயம் ஆறி வருடங்கள் போன பின்னும் தண்டுவடமும் மூளையும் "நோகிறது" என்ற பாடத்தை மறக்காமல் வைத்திருக்கும். சாதாரண தொடுகை கூட நோவாகப் படும்.

உச்சியிலிருந்து இரண்டு காதுகளையும் நோக்கி இறங்கும் பட்டையில் அசைவை ஏவும் மூளைப் பகுதி இருக்கிறது. அது அசைவுக்கு மட்டும் உரியதல்ல. அங்கிருந்து தலாமசு, மூளைத் தண்டு போன்ற ஆழமான இடங்களுக்கு இணைப்புகள் போகின்றன. நோவைக் கூட்டவும் குறைக்கவும் செய்வது அந்த ஆழமான இடங்கள். 1991இல் ஜப்பானில் சுபொகாவா என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் குழுவினரும் மண்டையைத் திறந்து, அசைவுப் பகுதிக்கு மேல் மின்வாய் (கரண்ட் கொடுக்கும் தகடு) பதித்து, பக்கவாதத்துக்குப் பின் வரும் கடும் நோவைக் குறைக்கலாம் என்று காட்டினார்கள். அதே இடத்தை வெளியிலிருந்தே தொட முடியுமா என்ற கேள்விதான் இந்தச் சிகிச்சையைக் கொண்டுவந்தது. 2000இல் ஜெர்மனியின் நிட்ஷேயும் பவுலஸும், தலைத்தோலில் வைத்த 1 மில்லியம்பியர் கரண்டே அசைவுப் பகுதியின் சுறுசுறுப்பைக் கூட்டிக் குறைக்கிறது என்று அளந்து காட்டினர். 2006இல் ஃபிரெக்னியின் குழு, தண்டுவடத்தில் காயம் பட்டு நோவோடு இருந்தவர்களுக்கு 2 மில்லியம்பியர், 20 நிமிடம், ஐந்து நாள் என்று கொடுத்துப் பார்த்தது. இன்றைக்கும் பெரும்பாலும் அதே கணக்குத்தான்.

ஒரு விஷயத்தைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். இந்தக் கரண்ட் தானாக நரம்புக் கலத்தைச் சமிக்ஞை விட வைப்பதில்லை. கொடுத்த கரண்டில் பெரும் பங்கு தலைத்தோலிலேயே ஓடிக் கழிந்துவிடும். மூளைக்கு எட்டுவது ஒரு மீற்றருக்கு ஒரு வோல்ட்டுக்கும் குறைந்த மின்புலம். ஏற்கனவே வேலை செய்துகொண்டிருக்கும் கலங்களை அது கொஞ்சம் எளிதில் தூண்டப்படும் நிலைக்குச் சாய்த்து விடுகிறது, அவ்வளவுதான். அதனால்தான் ஒரு நாளில் பெரிதாக எதுவும் நடப்பதில்லை.

எந்த நோவுக்குக் கேட்கும்?

நரம்பு பழுதாகி வரும் நோவுக்கும் ஃபைப்ரோமயல்ஜியா என்ற உடம்பு முழுக்க உளைவுக்கும் ஓரளவு கேட்கும். சாதாரண நாரி நோவுக்குக் கேட்கும் என்று சொல்ல ஆதாரம் மெலிவு.

கொஞ்சம் விரிவாக: 2017இல் ஐரோப்பிய நிபுணர் குழு வெளியிட்ட வழிகாட்டி, ஃபைப்ரோமயல்ஜியாவுக்கு இடப்பக்க அசைவுப் பகுதியில் அனோட்டு (கரண்ட் உள்ளே போகும் நேர் மின்வாய்) வைப்பதை "அனேகமாகப் பலன் உண்டு" என்ற இரண்டாம் நிலையில் வைத்தது. தண்டுவடக் காயத்தால் காலில் வரும் நரம்பு நோவுக்கு அதற்கும் ஒரு படி கீழே. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கொக்ரேன் அமைப்பின் 2018ஆம் ஆண்டுத் தொகுப்பு, வெளியிலிருந்து மூளையைத் தூண்டும் பல முறைகள் பற்றிய 94 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ரி.டி.சி.எஸ். நோவைக் குறுகிய காலத்துக்குக் குறைக்கக்கூடும், ஆனால் ஆய்வுகளின் தரம் குறைவு என்று எழுதியது. நாட்பட்ட நாரி நோவில் 135 பேரை வைத்து ஒழுங்காகச் செய்த ஆய்வு 2015இல் பி.எம்.ஜே. என்ற மருத்துவ இதழில் வந்தது. ஐந்து நாள் உண்மைக் கரண்ட் வைத்தவர்களுக்கும் போலிக் கரண்ட் (வைத்தது போலக் காட்டி உடனே நிறுத்துவது) வைத்தவர்களுக்கும் வித்தியாசமே இல்லை.

நம்முடைய பக்கத்துக்கு இதைப் பொருத்திப் பார்த்தால்: மோட்டார் சைக்கிள் விழுந்து தோள் நரம்பு அறுந்த கை, தண்டுவடத்தில் சன்னம் பட்டவர், கால் இழந்தவரின் இல்லாக்கால் நோ, பக்கவாதத்துக்குப் பின் ஒரு பக்கம் எரிவு. இவர்களைப் பற்றி டொக்டரிடம் கேட்டுப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. சீனி வருத்தத்தால் பாதம் எரிபவர்கள் முதலில் சீனியைக் கட்டுப்படுத்தி, நரம்பு நோவுக்கான குளிசையைச் சரியான அளவில் எடுத்துப் பார்க்க வேண்டும். சிக்குன்குனியா வந்து மாதங்கள் போயும் மூட்டு விடாதவர்களுக்குப் பிரேசிலில் சிறிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. நம்பிக்கை தருகின்றன, ஆனால் ஆட்கள் மிகக் குறைவு. வயலில் குனிந்து நிமிர்ந்தோ, மருதமுனைத் தறியில் நாள் முழுக்க இருந்தோ வந்த நாரி நோவுக்கு இந்த மிசினுக்குக் காசு செலவழிப்பதை விட, இருக்கையின் உயரத்தை மாற்றி முதுகுப் பயிற்சி செய்வது மேல்.

குறையும் என்றால் எவ்வளவு குறையும்?

கொக்ரேன் தொகுப்பின் சராசரி, போலிச் சிகிச்சையோடு ஒப்பிட ஏறத்தாழ 17 சதவீதம். பத்துக்கு எவ்வளவு என்ற அளவில் சொன்னால் ஒரு புள்ளிக்கும் சற்றுக் குறைவு. சராசரி என்பதால், சிலருக்கு இரண்டு மூன்று புள்ளி இறங்கும், சிலருக்கு ஒன்றுமே நடக்காது. நோவை முற்றாக எடுத்துவிடும் என்று யாராவது சொன்னால், அந்த இடத்தில் உங்கள் காசைக் கொடுக்க வேண்டாம்.

யாருக்கு வைக்கக் கூடாது?

இந்த மாவட்டங்களில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, தலையில் ஷெல் துண்டு இருக்கிறதா என்பது. பலருக்கு அது இருப்பதே தெரியாது. முப்பது வருடத்துக்கு முன் பட்ட காயம், தழும்பு முடிக்குள் மறைந்து கிடக்கும். யுத்தக் காலத்தில் தலையில், முகத்தில், கழுத்தில் காயம் பட்டவர் எவரானாலும் மண்டையோட்டு எக்ஸ்ரே ஒன்று பார்த்த பிறகே மின்வாயைத் தொட வேண்டும். உலோகத் துண்டு கரண்டின் வழியை மாற்றிவிடும். மண்டையோட்டில் ஓட்டை இருந்தாலோ தகடு வைத்துத் தைத்திருந்தாலோ அதே சிக்கல்: எலும்பு மறிக்க வேண்டிய கரண்ட் அந்த வழியால் ஒரே இடத்தில் கொட்டும்.

இதயத்தில் பேஸ்மேக்கர், காதுக்குள் பதித்த கேட்கும் கருவி, மூளையிலோ தண்டுவடத்திலோ பதித்த தூண்டி உள்ளவர்களுக்கு வேண்டாம். வலிப்பு உள்ளவர், கர்ப்பிணி, மனநிலை மிக உச்சத்துக்கும் மிகத் தாழ்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய் உள்ளவர் ஆகியோருக்கு நிபுணர் பார்த்துச் சொல்லாமல் தொடங்கக் கூடாது. மின்வாய் வைக்கும் இடத்தில் புண், சொறி, புதிய மொட்டைக் கீறல் இருந்தால் அது ஆறும் வரை பொறுக்க வேண்டும். கோவிலில் மொட்டை போட்டு வந்தவர்கள் இதைச் சொல்ல மறந்து விடுவார்கள்.

இன்னொன்று. புதிதாக வந்த நோவோடு காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, கால் சோர்வு, சிறுநீர் போவதில் மாற்றம் இருந்தால் அது மிசின் தேடும் நோ அல்ல. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒரு தவணையில் என்னென்ன செய்வார்கள்?

முதலில் இடம் அளப்பது. தையல்காரரின் அளவு நாடா போதும். இரண்டு புருவத்துக்கும் நடுவே மூக்கு தொடங்கும் பள்ளத்திலிருந்து பின்மண்டையில் தட்டுப்படும் மேடு வரை உச்சி வழியாக அளந்து, பாதியில் ஒரு குறி. பிறகு ஒரு காதுக்கு முன்னுள்ள சிறு மடிப்பிலிருந்து மறு காதின் மடிப்பு வரை உச்சி வழியாக அளந்து, அதன் பாதியில் இன்னொரு குறி. இரண்டும் சந்திக்கும் இடம் உச்சி. காதுக்குக் காது அளந்த நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கை உச்சியிலிருந்து காதை நோக்கி இறக்கினால் அசைவுப் பகுதி. 35 சென்ரிமீற்றர் வந்தால் 7 சென்ரிமீற்றர் இறக்க வேண்டும். நோ இடக்காலில் என்றால் வலப்பக்கம், வலக்கையில் என்றால் இடப்பக்கம். உடம்பு முழுக்க என்றால் இடப்பக்கம். கண்மட்டத்தில் பார்த்து "இங்கே இருக்கும்" என்று வைத்தால் சில சென்ரிமீற்றர் தப்பிவிடும், அது சிகிச்சையே அல்ல.

அனோட்டு, பெரும்பாலும் சிவப்பு வயர், இந்த இடத்துக்கு. கதோட்டு, அதாவது கரண்ட் வெளியேறும் மறை மின்வாய், எதிர்ப்பக்கப் புருவத்துக்கு மேலே நெற்றியில். இரண்டின் ஓரங்களுக்கும் இடையில் 8 சென்ரிமீற்றராவது இருக்க வேண்டும். கிட்டக் கிட்ட வைத்தால் கரண்ட் உள்ளே இறங்காமல் தோலோடு தோலாக ஓடிவிடும்.

மின்வாய் என்பது கறுப்பு றப்பர் தகடு. அதை 5 க்கு 7 சென்ரிமீற்றர் பஞ்சு உறைக்குள் செருகி, 0.9 சதவீத சேலைனில் (உப்புநீரில்) நனைக்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு 6 மில்லிலீற்றர், ஆக ஒரு பஞ்சுக்கு 12 மில்லிலீற்றர் அளவில். சிரிஞ்சால் அளந்து விடுவதுதான் முறை, வாளியில் முக்கிப் பிழிவது அல்ல. சொட்டுகிற அளவுக்கு நனைந்தால் உப்புநீர் முடி வழியாக ஓடி, 35 சதுர சென்ரிமீற்றர் மின்வாய் கை அகலத்துக்கு விரிந்துவிடும். குறைவாக நனைந்தால் எரியும். றப்பர் பட்டி இரண்டால் தலையைச் சுற்றிக் கட்டி, முடியை விரலால் பிரித்துப் பஞ்சு தோலில் படும்படி செய்கிறார்கள்.

பிறகு கரண்ட் ஓடுவதற்கு எவ்வளவு தடை இருக்கிறது என்று மிசினில் பார்ப்பார்கள். 5 கிலோ ஓமுக்குக் கீழே நல்லது. 10 கிலோ ஓமைத் தாண்டினால் 2 மில்லியம்பியரைத் தள்ள மிசினுக்கு 20 வோல்ட் வேண்டும். எங்கேயோ காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். சரி என்றால் 30 விநாடியில் கரண்டை மெல்ல மெல்ல ஏற்றி, 20 நிமிடம் வைத்து, அதே போல மெல்ல இறக்குவார்கள். முதல் ஒரு நிமிடம் எறும்பு ஊர்வது போல, கடிப்பது போல இருக்கும். பிறகு மறைந்துவிடும்.

தலைக்கு எண்ணெய் வைப்பேன், தலையை மூடுவேன், திருநீறு பூசுவேன். பிரச்சினையா?

எண்ணெய்தான் பெரிய பிரச்சினை. தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ, தலைத்தோலில் ஒரு படலம் இருந்தால் உப்புநீர் தோலில் பிடிக்காது, தடை ஏறிவிடும். முதல் நாள் பின்னேரமே ஷாம்பு போட்டு முழுகி, முடியை முழுக்க உலரவிட்டு வாருங்கள். சிகிச்சை முடியும் வரை எண்ணெய் வேண்டாம். கொண்டையை அவிழ்த்து, கிளிப், ஊசி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். நெற்றியில் இருக்கும் திருநீறு, சந்தனம், பவுடர் எல்லாம் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், ஏனெனில் கதோட்டு இருப்பது அதே இடத்தில். முடிந்த பிறகு பூசிக்கொள்ளலாம்.

தலையை மூடும் பெண்கள் திரைக்குப் பின்னால், பெண் உத்தியோகத்தர் ஒருவரைக் கொண்டு வைக்கும்படி கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. மின்வாயைக் கட்டிய பிறகு மெல்லிய துணியால் மூடிக்கொள்ளலாம். பஞ்சு நகராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எத்தனை நாள் போக வேண்டும்? நான் இருப்பது வாவிக்கு மேற்கே, படுவான்கரையில்.

ஐந்து நாள் தொடர்ச்சியாகவோ, திங்கள் முதல் வெள்ளி வரை இரண்டு கிழமையாகப் பத்து நாளோ கொடுப்பது வழக்கம். ஒரு நாள் கொடுத்ததன் விளைவு அன்றைக்கே கரைந்துவிடும். அடுத்தடுத்த நாட்களில் கொடுக்கும்போதுதான் அது ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்கிறது. கிழமைக்கு ஒரு நாள் வந்து பத்து வாரத்தில் முடிப்பது பெயருக்குத்தான் பத்துத் தவணை.

வெள்ளாவெளியிலிருந்தோ வாகரையிலிருந்தோ பத்து நாள் பஸ்ஸில் வந்து போவது, நோ உள்ளவருக்குத் தனிச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்குக் களைப்பு. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் உறவினர் வீடு இருந்தால் இரண்டு கிழமை அங்கே தங்குவது நல்லது. வெள்ளாமை வெட்டுக் காலத்தில் தொடங்க வேண்டாம்; நாள் தவறும், அதோடு உடம்புக்கு வேலை கூடும்போது நோ கூடினதா குறைந்ததா என்றே பிடிபடாது. ஒரு நாள் தவறினால் கடைசியில் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளலாம். மூன்று நாள் விட்டுப்போனால் புதிதாகத் தொடங்கச் சொல்லிக் கேளுங்கள்.

கரண்டைக் கூட்டினால், நேரத்தைக் கூட்டினால் கெதியாகக் குறையுமா?

இதுதான் ஆட்கள் அதிகம் பிழைவிடும் இடம். மூளை இரட்டிப்புக் கணக்குக்கு ஆடாது. அனோட்டை 13 நிமிடம் வைத்தால் அசைவுப் பகுதி சுறுசுறுப்பாகிறது. அதையே விடாமல் 26 நிமிடம் வைத்தபோது சுறுசுறுப்பு குறைந்து, விளைவு தலைகீழானது. அதுபோலவே, 1 மில்லியம்பியரில் மூளையை அடக்கும் கதோட்டு, 20 நிமிடம் 2 மில்லியம்பியரில் தூண்டிவிடுகிறது என்றும் கண்டார்கள். இவை நல்ல உடம்புள்ளவர்களில் செய்த ஆய்வுகள்தான். ஆனாலும் "எனக்குக் கூடுதலாக வையுங்கள்" என்று கேட்பதற்கு எதிராக இதை விட நல்ல காரணம் தேவையில்லை.

எரிகிறது, தோல் சிவக்கிறது என்றால்?

இலேசான கடி, அரிப்பு, கழற்றிய பின் அந்த இடத்தில் சிவப்பு, சில நேரம் தலையிடி, கொஞ்சம் தூக்கக் கலக்கம். இவை வரக்கூடியவை, பெரும்பாலும் அன்றைக்கே போய்விடும். 40 நிமிடத்துக்கும் 4 மில்லியம்பியருக்கும் உள்ளே, வழமையான முறையில் கொடுத்த 33,000க்கும் மேற்பட்ட தவணைகளைத் திரட்டிப் பார்த்த 2016ஆம் ஆண்டு ஆய்வில் பாரதூரமான கேடு எதுவும் பதிவாகவில்லை.

ஆனால் தோல் புண்ணாகும். ஏன் என்று கணக்கில் பாருங்கள். 2 மில்லியம்பியரை 35 சதுர சென்ரிமீற்றரால் பிரித்தால் சதுர சென்ரிமீற்றருக்கு 0.057 மில்லியம்பியர். பட்டி தளர்ந்து பஞ்சின் ஒரு பாதி தோலை விட்டு எழும்பினால் மீதிப் பாதியில் அது இரட்டிக்கும். மிசின் அதை அறியாது; அதன் வேலை என்ன ஆனாலும் 2 மில்லியம்பியரைத் தள்ளுவது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், அதுவும் மின்விசிறிக்குக் கீழே, பஞ்சு பாதி நேரத்திலேயே ஓரம் காய்ந்துவிடும். அதனால் விசிறியை அந்தப் பக்கம் திருப்பி, பத்தாவது நிமிடத்தில் சிரிஞ்சால் சில மில்லிலீற்றர் சேலைன் விட வேண்டும்.

மற்றக் காரணங்கள்: சேலைனுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ விட்டது, பழைய றப்பர் தகட்டில் வெடிப்பு, உறையிலிருந்து தகட்டின் மூலை வெளியே எட்டிப் பார்த்துத் தோலில் பட்டது, பஞ்சைக் கழுவாமல் வைத்து உப்புப் பொருக்குப் பிடித்தது, முதல் நாள் சிவந்த இடத்திலேயே அடுத்த நாளும் வைத்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் தனிப் பஞ்சு இருக்க வேண்டும்.

முதல் நிமிடத்துக்குப் பிறகும் ஒரு புள்ளியில் ஊசி குத்துவது போல எரிந்தால் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். "பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் நல்லாய் வேலை செய்யும்" என்பது பொய். சொல்லுங்கள், கரண்டை இறக்கிவிட்டுப் பஞ்சைச் சரிசெய்யட்டும். நீங்களாகவே வயரைப் பிடுங்க வேண்டாம்; கரண்ட் திடீரென்று நின்றால் கண்ணில் மின்னல் அடித்தது போல வெளிச்சம் தெரிந்து ஆளைத் திடுக்கிட வைக்கும்.

குடிக்கிற மருந்தை நிறுத்த வேண்டுமா?

நிறுத்த வேண்டாம், ஆனால் கிளினிக் கொப்பியையும் மருந்துப் பையையும் கொண்டு போங்கள். முகநரம்பு நோவுக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் கார்பமசெபின், அனோட்டின் விளைவை இல்லாமலாக்கும் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். பாமசியில் வாங்கும் சில இருமல் பாணிகளில் உள்ள டெக்ஸ்ட்ரோமெதோர்பன் பின்விளைவைத் தடுக்கும். மனச்சோர்வுக்கான சில மருந்துகள் விளைவை நீட்டும். கார்பமசெபின் குடிப்பவர் அதைத் திடீரென விட்டால் வலிப்பே வரலாம்; கரண்ட் வைப்பதற்காக அதை விடுவது மடத்தனம். இருமல் பாணியைச் சில நாள் தள்ளிவைக்கலாம், அது வேறு.

ஒன்பது வோல்ட் பற்றரியும் தடையியும் போட்டு வீட்டில் செய்யலாம் என்று யூடியூப்பில் காட்டுகிறார்கள். செய்யலாமா?

ஓமின் விதியை (கரண்ட் என்பது வோல்ட்டைத் தடையால் பிரிப்பது) சாதாரண தரத்தில் படித்தவர்களுக்கு விடை தெரியும். மொத்தத் தடை 4.5 கிலோ ஓம் என்று வைத்து 9 வோல்ட் கொடுத்தால் 2 மில்லியம்பியர். தலைத்தோல் நனைந்து, வியர்த்து, தடை 2 கிலோ ஓமுக்கு இறங்கினால் அதே பற்றரி 4.5 மில்லியம்பியர் தள்ளும். நல்ல மிசின் தடை மாறினாலும் கரண்டை மாறாமல் பிடிக்கும், மெல்ல ஏற்றி இறக்கும், வயர் கழன்றால் நிற்கும். பற்றரியும் தடையியும் இதில் ஒன்றையும் செய்யாது. அதோடு அனோட்டையும் கதோட்டையும் மாறி வைத்தால் உங்களுக்கு எச்சரிக்கை சொல்ல அங்கே யாரும் இல்லை.

போன் சார்ஜரிலிருந்தோ சுவரிலுள்ள பிளக்கிலிருந்தோ வயர் எடுத்துத் தலையில் வைப்பதைப் பற்றி ஒரே ஒரு வசனம்: உயிர் போகும்.

இணையத்தில் விற்கும் மிசினை வாங்கலாமா? காதில் கிளிப் மாட்டுவதும் இருக்கிறதே?

காதுக் கிளிப் கருவிகள் வேறு வகை, துடிப்புக் கரண்ட் கொடுப்பவை. அவை நாட்பட்ட நோவைக் குறைப்பதாகக் கொக்ரேன் தொகுப்பில் ஆதாரம் கிடைக்கவில்லை. ரி.டி.சி.எஸ். மிசின்களில் விளையாட்டுக்காரருக்கும் படிக்கும் பிள்ளைகளுக்கும் என்று விற்பவை உண்டு. அவற்றின் மின்வாய் சிறியது, வைக்கும் இடமும் நிலையாக அமைத்தது. நோவுக்கு வேண்டிய இடத்தில் அது விழாது.

இலங்கையில் மருத்துவ சாதனங்களைக் கொண்டுவரவும் விற்கவும், 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவு வேண்டும். விற்பவரிடம் பதிவைக் கேளுங்கள். தனியார் இடம் ஒன்றில் இந்தச் சிகிச்சை தருகிறார்கள் என்றால் நாலு கேள்வி: எத்தனை மில்லியம்பியர், எத்தனை நிமிடம்? இடத்தை எப்படி அளக்கிறீர்கள்? தவணை முழுக்க யார் பக்கத்தில் இருப்பார்? யாருக்கு வைக்க மாட்டீர்கள்? கடைசிக் கேள்விக்கு "எல்லாருக்கும் வைப்போம்" என்று விடை வந்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

காந்தம் வைப்பது என்று ஒன்று சொல்கிறார்களே?

அது ஆர்.ரி.எம்.எஸ். தலைக்கு மேல் பிடிக்கும் கம்பிச்சுருளில் பலமான காந்தத் துடிப்பு வந்து, தோல் வழியாகக் கரண்ட் ஓடாமலே மூளைக்குள் கரண்டை எழுப்பும். இது நரம்புக் கலத்தை உண்மையாகவே சமிக்ஞை விட வைக்கிறது. நரம்பு நோவுக்கு இதற்குள்ள ஆதாரம் ரி.டி.சி.எஸ்ஸை விடப் பலமானது. ஆனால் மிசின் பெரியது, விலை மிகக் கூட, அரிதாக வலிப்பும் வரக்கூடியது.

எனக்குப் பலன் கிடைத்ததா என்று எப்படி அறிவது?

ஒரு நாற்பது பக்கக் கொப்பி வாங்குங்கள். தொடங்குவதற்கு ஏழு நாளுக்கு முன்பிருந்தே காலை ஒருக்கா, படுக்கும் முன் ஒருக்கா நோவுக்கு 0 முதல் 10 வரை எண் போடுங்கள். பக்கத்தில் எத்தனை மணி நேரம் நித்திரை, எத்தனை பனடோல், எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்பதும். சிகிச்சை நாட்களிலும், முடிந்து நாலு கிழமை வரையும் எழுதுங்கள். முதல் ஏழு நாளின் சராசரியையும் கடைசித் தவணைக்குப் பிறகு வந்த ஏழு நாளின் சராசரியையும் ஒப்பிடுங்கள். இரண்டு புள்ளி, அல்லது மூன்றில் ஒரு பங்கு இறங்கினால் பலன் உண்டு என்று எடுக்கலாம். அரைப் புள்ளி என்றால் அது வானிலைக்கும் மாறும்.

இப்படி எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆய்வுகளில் போலிக் கரண்ட் என்பது 30 விநாடி மட்டும் ஏற்றிவிட்டு நிறுத்துவது. எறும்பு ஊர்வது அதிலும் தெரியும். அதை வைத்தவர்களில் கணிசமானோருக்கும் நோ குறைகிறது. பத்து நாள் ஒருவர் பக்கத்தில் இருந்து தலையைத் தொட்டுக் கதைத்தாலே கொஞ்சம் குறையும்தான். அதில் குற்றம் இல்லை. ஆனால் இரண்டாம் முறையும் வைப்பதா என்று தீர்மானிக்க எண் வேண்டும்.

பரிசாரியாரின் எண்ணெய், பயிற்சி எல்லாவற்றையும் நிறுத்திவிடவா?

உடம்பில் பூசும் எண்ணெயைப் பூசலாம், தலையில் மட்டும் வேண்டாம். பயிற்சியை விடவே கூடாது. மூளை கொஞ்சம் இளகியிருக்கும் நேரத்தில் அசைவைப் பழக்குவதே இதன் கெட்டித்தனம். கரண்ட் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் பாதிப் பயன் வீண். பிசியோதெரபி நேரத்தைத் தவணை முடிந்த உடனேயே வரும்படி ஒழுங்கு செய்யச் சொல்லுங்கள்.

எங்கே போய்க் கேட்பது?

உங்கள் கொப்பி எந்தக் கிளினிக்கில் இருக்கிறதோ அங்கேயே முதலில். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ, அம்பாறை, கல்முனைப் பெரியாஸ்பத்திரிகளிலோ பார்க்கும் டொக்டரிடம், "இது நரம்பு நோவா? ரி.டி.சி.எஸ். பற்றி நரம்பியல் நிபுணர் ஒருவருக்குக் கடிதம் தருவீர்களா?" என்று கேளுங்கள். பழைய ஸ்கான், எக்ஸ்ரே எல்லாவற்றையும் உறையோடு கொண்டு போங்கள். இது ஒவ்வொரு கிளினிக்கிலும் அலுமாரியில் இருக்கும் சாமான் அல்ல. வேறு ஊருக்குப் போக வேண்டி வரலாம். அந்தப் பயணச் செலவையும் சேர்த்தே யோசியுங்கள்.

வைத்த அன்றைக்கே மோட்டார் சைக்கிள் ஓடலாமா?

முதல் நாள் வேறொருவரை ஓடச் சொல்லிப் பின்னால் இருந்து போங்கள். தலைச்சுற்றோ தூக்கமோ வருகிறதா என்று கால் மணி நேரம் அங்கேயே இருந்து பார்த்து, ஒன்றும் இல்லை என்றால் அடுத்த நாளிலிருந்து நீங்களே ஓடலாம். தலையில் காயும் உப்பைக் கழுவிவிட்டு ஹெல்மெட்டைப் போடுங்கள், இல்லாவிட்டால் அரிக்கும்.